ஈரல் மாற்றியாச்சு, இப்போது இரைப்பையில் ஏன் கத்தி?

"இன்னாத்துக்கு டீச்சர் மறுபடியும் வயித்தக் கிழிக்கணும்? அதான் புது ஈரல் வெச்சாச்சே!"

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பாட்டி என்னிடம் கேட்டது இது. அவருடைய மருமகளுக்கு இரண்டு வருடம் முன்பு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பெற்ற மகனே தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தான். பிழைத்து எழுந்து வந்தவர், வந்த இரண்டு வருடத்தில் 22 கிலோ ஏறிவிட்டார். இப்போது மருத்துவர்கள் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஓர் அறுவை செய்யலாம் என்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "அழகுக்குப் பண்றது அது", "கொழுப்ப மிஷின் வெச்சு உறிஞ்சிடுவாங்க", "முதல்லயே வயித்தத் தொறந்தாங்களே, அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?"

முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். மருத்துவர் அல்ல. ஆனால் அந்தத் திண்ணையில் எழுந்த கேள்விகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. "பேர் போடாம எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு ஆகட்டும்" என்று அந்த மருமகளே சொன்னதால் எழுதுகிறேன்.

மூன்று அறுவைகளைப் போட்டுக் குழப்புகிறோம்

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது லைப்போசக்ஷன். அது உருவத்தைச் சீராக்கச் செய்வது. சர்க்கரை நோயோ ஈரல் கொழுப்போ அதனால் தீராது.

கெட்டுப்போன ஈரலை எடுத்துவிட்டு வேறொருவருடைய ஈரலை, அல்லது அதன் ஒரு பகுதியை, வைப்பது கல்லீரல் மாற்று.

மூன்றாவதுதான் நம் விஷயம். இரைப்பையின் அளவையோ உணவு போகும் வழியையோ மாற்றி, பசியையும் சாப்பாட்டு அளவையும் குறைப்பது. இதைப் பேரியாட்ரிக் அறுவை என்பார்கள். இதில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. உடம்பு தானாகக் கொழுப்பைச் செலவழிக்கும்படி செய்வதுதான் வேலை. ஆகவே "அழகுக்குப் பண்றது" என்று அந்த அம்மாவிடம் சொன்னவர்கள் முதல் அறுவையை நினைத்துக்கொண்டு மூன்றாவதைப் பேசினார்கள்.

குடிக்காதவருக்கு ஈரல் ஏன் கெட்டது?

இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. "ஈரல் போச்சுன்னா குடிதான்" என்ற பேச்சை அந்தப் பெண்மணி எத்தனை முறை கேட்டிருப்பார்! சாராயத்தின் வாசனைகூட அறியாதவர். ஈரல் கெட மது ஒரு காரணம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி வேறு காரணங்கள். வெறும் கொழுப்பும் ஒரு காரணம், அது வேகமாகப் பெருகி வருகிறது.

பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் சோறு, களி, இட்லி எல்லாம் சர்க்கரையாகி ஈரலுக்கு வருகின்றன. ஈரல் கொஞ்சத்தைக் குதிரில் கொட்டி வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். ஈரலின் குதிர் சுமார் 100 கிராமிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவதைக் கொழுப்பாக மாற்றி மூட்டை கட்டி வெளியே அனுப்ப வேண்டும். வாங்கிக்கொள்ள உடம்பில் இடம் இல்லாமல் போனால் மூட்டைகள் வீட்டுக் கூடத்திலேயே அடுக்கப்படும். ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது ஃபேட்டி லிவர்.

மூட்டை கிடந்தால் எலி வரும். அதுபோலக் கொழுப்பு கிடக்கும் ஈரல் சிலருக்கு வீங்கிப் புண்ணாகிறது. புண் ஆறும் இடங்களில் தழும்பு விழும். வருடக்கணக்கில் தழும்பு மேல் தழும்பாக விழுந்து ஈரல் முழுவதும் இறுகிப்போவதுதான் சிரோசிஸ். இந்த நிலைகளுக்கு இருந்த பழைய பெயர்களை 2023-ல் உலக அளவில் மாற்றினார்கள். புதுப் பெயரில் "வளர்சிதை மாற்றக் கோளாறு" என்ற சொல் வந்து உட்கார்ந்தது. சர்க்கரை, தொப்பை, இரத்தக் கொழுப்பு, ஈரல் கொழுப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது.

சுருக்கமாக: ஈரலைக் கெடுத்தது ஈரலுக்குள் பிறந்த நோய் அல்ல. உடம்பு முழுவதும் இருக்கும் கோளாறு ஈரலில் வந்து தங்கியது. இதை மறக்காதீர்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மதகு அடைத்த ஏரி

காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏரிக்கு வரத்துக் கால்வாயில் தண்ணீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும். மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்காது. கலங்கலில் வழியும், கரையின் பலவீனமான இடத்தில் கசியும், சில நேரம் உடைத்துக்கொண்டும் போகும்.

குடலிலிருந்து இரத்தம் ஒரு பெரிய நாளம் வழியாக ஈரலுக்கு வருகிறது. தழும்பால் இறுகிய ஈரலுக்குள் அது எளிதாக நுழைய முடியாது. அழுத்தம் ஏறுகிறது. வயிற்றுக்குள் நீர் கசிந்து வயிறு பானை மாதிரி ஆகிறது. உணவுக்குழாயில் இருக்கும் மெல்லிய நாளங்கள் புடைத்து, உடைந்தால் இரத்த வாந்தி. ஈரல் வடிகட்ட வேண்டிய கழிவு மூளைக்கு ஏறினால் ஆள் குழம்பிப் பேசுவார்.

எங்கள் பக்கத்துக்கு மாற்று அறுவை என்ற சொல் புதிதல்ல. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. அதனாலேயே ஒரு தவறான எண்ணமும் இங்கே ஊறியிருக்கிறது: கிட்னி மாதிரிதானே ஈரலும் என்று. கிட்னி நின்றால் டயாலிசிஸ் செய்துகொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கலாம். ஈரல் நின்றால் அப்படி ஓட்டித் தர இயந்திரம் இல்லை. இந்தியாவில் ஈரல் மாற்று 1998-ல் டெல்லியில் முதல்முறை வெற்றி கண்டது. பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை, ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் அப்பா. இன்றைக்கும் நம் நாட்டில் பெரும்பாலான ஈரல் மாற்றுகள் உயிரோடு இருக்கும் உறவினர் கொடுப்பதால்தான் நடக்கின்றன.

ஈரல் புதுசு, உடம்பு பழசு

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். புது ஈரல் வைத்தாயிற்று. குதிர் காலி, கூடம் சுத்தம். ஆனால் வாசலில் மூட்டை இறக்கும் வண்டி? அது நிற்கவில்லை. சர்க்கரை அப்படியே இருக்கிறது, மரபு அப்படியே இருக்கிறது, சாப்பாடு முன்னைவிடக் கூடுகிறது.

ஏன் கூடுகிறது என்பதில் மனித நியாயம் நிறைய இருக்கிறது. சிரோசிஸ் நோயாளிக்கு மாதக்கணக்கில் வாயில் எதுவும் இறங்காது. உப்பு கூடாது, தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். புது ஈரல் வந்ததும் பசி திரும்புகிறது. "எலும்பும் தோலுமா போனவ, சாப்பிடட்டும்" என்று மாமியார் பாசத்தோடு பரிமாறுகிறார். ஆம்பூரிலிருந்து பார்சல் வருகிறது, ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வருகிறது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

மருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன. வேறொருவருடைய ஈரலை உடம்பு அந்நியனாகப் பார்த்துத் தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் தர வேண்டும். தொடக்க மாதங்களில் தரும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டி எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். முக்கிய மருந்தான டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றக்கூடியது. வயிற்றைத் திறந்த பயத்தில் நடமாட்டமும் குறைகிறது.

விளைவு, கொழுப்பால் ஈரல் இழந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புது ஈரலிலும் சில வருடங்களில் கொழுப்பு மறுபடி தெரிகிறது. எல்லோருக்கும் அது சிரோசிஸ் வரை போவதில்லை. ஆனால் அதே எடை இதயத்தையும் கிட்னியையும் அரிக்கிறது. மாற்று அறுவைக்குப் பிறகு பல வருடம் கழித்து நேரும் மரணங்களுக்கு இதய நோய் ஒரு முக்கியக் காரணம். பிள்ளை அறுத்துக் கொடுத்த ஈரலைக் காப்பாற்றத்தான் எடையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இரைப்பையைக் குறைத்தால் பசி எப்படிக் குறையும்?

"வாயைக் கட்டினால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. பலருக்குப் போதும். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 10 சதவீதம் குறைத்து அப்படியே நிறுத்தினால் தழும்புகூடத் தணியலாம். 90 கிலோ ஆளுக்கு அது 9 கிலோ. முதலில் முயல வேண்டியது இதைத்தான், எந்த நல்ல மருத்துவரும் இங்கிருந்துதான் தொடங்குவார்.

சிக்கல் எடையை நிறுத்தி வைப்பதில் வருகிறது. மாடித் தொட்டியில் ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருப்பீர்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் சென்சார் கண்டுபிடித்து மோட்டாரை ஓட்டும். உடம்பும் தன் கொழுப்பு மட்டத்தை அப்படிக் காவல் காக்கிறது. பத்து கிலோ குறைந்ததும் பசி மோட்டார் ஓடுகிறது. அந்த மனிதர் கட்டுப்பாடு இல்லாதவர் என்று நாம் பேசுகிறோம். உண்மையில் அவருடைய சென்சார் மேலே மாட்டப்பட்டிருக்கிறது.

அந்தப் பசி மோட்டாரின் ஒரு சுவிட்ச் இரைப்பையில் இருக்கிறது. இரைப்பையின் மேல் வளைவில் கிரெலின் என்ற பசி ஹார்மோன் சுரக்கிறது. ஸ்லீவ் என்ற அறுவையில், பை மாதிரி இருக்கும் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். கிரெலின் சுரக்கும் வளைவும் அதோடு போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட இரைப்பை, டீக்கடை கிளாஸ் அளவுக்கு வந்துவிடும். கொஞ்சம் சாப்பிட்டதும் நிறையும், பசியும் முன்போல் கத்தாது. உணவு வேகமாகக் குடலைத் தொடுவதால் "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனும் கூடுகிறது.

இன்னொரு அறுவை பைபாஸ். இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து (இருமல் மருந்து மூடியில் மூன்று அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்), அதைச் சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி, சற்றுக் கீழே இணைப்பார்கள். மீதி இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது.

ஆக, இரண்டுமே வயிற்றைச் சின்னதாக்குவதோடு நிற்பதில்லை. உடம்பின் பசி மட்டத்தையே கீழே இறக்கி மாட்டுகின்றன.

ஈரல் மாற்றியவர்களுக்குப் பைபாஸை ஏன் தவிர்க்கிறார்கள்?

பைபாஸில் போகிற பஸ் ஊருக்குள் வராது. சென்னை–பெங்களூரு சாலையில் இரவில் வந்து, ஊருக்கு வெளியே இறக்கிவிடப்பட்டு, பெட்டியோடு நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

ஈரல் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாகக் குடலின் முதல் பகுதிக்கு வருகிறது. மாற்று அறுவையில் இந்தக் குழாயையும் வெட்டி ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுதான் பின்னாளில் அதிகம் தொந்தரவு தரும் இடம். சுருங்கும், கசியும். அப்படி ஆனால் வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயை விட்டு, இரைப்பையைக் கடந்து, குடலின் முதல் பகுதிக்குப் போய், பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்வார்கள். பைபாஸ் செய்துவிட்டால் அந்த வழி துண்டிக்கப்படுகிறது. ரிப்பேர் வண்டி ஊருக்குள் நுழையவே வழியில்லை. ஸ்லீவில் வழி குறுகும், ஆனால் திறந்தே இருக்கும்.

இரண்டாவது காரணம் மாத்திரை. டாக்ரோலிமஸ் இரத்தத்தில் இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று கறாரான கணக்கு உண்டு. குறைந்தால் உடம்பு ஈரலைத் தாக்கும், கூடினால் கிட்னி பாதிக்கும். குடலின் மேல்பகுதிதான் அதை முக்கியமாக உறிஞ்சுகிறது. பைபாஸ் அந்த இடத்தையே ஒதுக்கிவிடுகிறது, ஸ்லீவ் குடலைத் தொடுவதில்லை. "மாத்திரை வேலை செய்யுமா?" என்று அந்த மகன் என்னிடம் கேட்டான். சரியான கேள்வி. ஸ்லீவுக்குப் பிறகும் முதல் வாரங்களில் அடிக்கடி இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் முறை ஒன்றும் உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் ஓர் அந்நியப் பொருளை நிரந்தரமாக விட்டுவைப்பது தொற்றை அழைப்பது மாதிரி. அதை விட்டுவிடலாம்.

முன்பா, கூடவேயா, பின்பா?

"அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?" என்ற கேள்விதான் இதில் கடினமானது. மருத்துவர்களே இன்னும் விவாதிக்கும் விஷயம்.

மாற்று அறுவைக்கு முன்பே எடையைக் குறைத்துவிட்டால் நல்லதுதான். உறவினர் ஈரல் கொடுக்கும் நம் நாட்டில் அதற்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. வைக்கும் ஈரல் துண்டு, நோயாளியின் எடையில் சுமார் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 70 கிலோ நோயாளிக்கு 560 கிராம் போதும். 100 கிலோ நோயாளிக்கு 800 கிராம் வேண்டும். 55 கிலோ மனைவியின் முழு ஈரலே ஏறத்தாழ 1,100 கிராம்தான். அதில் வலப்பக்கம் முழுவதையும் கொடுத்தாலும் 700 கிராம் தேறலாம். பாசம் இருக்கும், இரத்தப் பிரிவு பொருந்தும், அளவு போதாது. இந்தக் கணக்கில் தவித்து நிற்கும் குடும்பங்கள் உண்டு.

ஆனால் முன்பே இரைப்பை அறுவை செய்வது, ஈரல் ஓரளவு தாக்குப்பிடிக்கும் நிலையில் மட்டும்தான் சாத்தியம். மதகு அடைத்து அழுத்தம் ஏறிய வயிற்றில் இரைப்பையைச் சுற்றி இருக்கும் நாளங்களும் புடைத்திருக்கும். கத்தி பட்டால் இரத்தப் பெருக்கு, புண் ஆறாமை, ஈரல் முழுதாகக் கைவிடும் ஆபத்து. வயிற்றில் நீர் கட்டிவிட்ட பிறகு அந்த வாசல் அநேகமாக மூடிவிடுகிறது.

எடை மெஷினும் இந்த நேரத்தில் பொய் சொல்லும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமும் 90 கிலோவும் என்றால் 35. அந்த 90-ல் 10 கிலோ வயிற்று நீராக இருந்தால் உண்மைக் கணக்கு 31 சொச்சம்தான். கை கால் தசை கரைந்து வயிறு மட்டும் பெருத்த நோயாளியைக் "குண்டு" என்று சொல்வது எவ்வளவு கொடுமை! அவருக்குத் தேவைப்படுவது பட்டினி அல்ல, புரதம்.

ஒரே மேசையில் இரண்டையும் முடிக்கலாமே? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஈரல் மாற்றோடு சேர்த்து ஸ்லீவும் செய்துகொண்டவர்கள் ஏழு பேர். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்துப் பிறகு ஈரல் மட்டும் மாற்றிக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுபடி பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினார்கள். இந்த ஏழு பேர் அப்படி ஏறவில்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்கு இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டது. ஈரல் மாற்று என்பதே பல மணி நேரம் நடக்கும் பேரறுவை. அதன் முடிவில் இன்னொரு உறுப்பை வெட்டித் தைப்பது, அதற்கென்று பழகிய குழு இருக்கும் இடத்தில், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே சரிவரும். அந்தப் பாட்டியிடம் நான் சொன்னது இதுதான்: "அன்னிக்கு உயிரக் காப்பாத்தினாங்க. அன்னிக்கு அதுவே பெரிய வேல."

பிறகு செய்வதுதான் பலருக்கும் நடைமுறையில் கிடைக்கும் வழி. ஈரல் நிலைபெற்று, ஸ்டீராய்டு குறைந்து அல்லது நின்று, மருந்துகள் ஒரு சீருக்கு வந்த பிறகு செய்வார்கள். பொதுவாக ஒரு வருடமாவது போகட்டும் என்பார்கள். இதிலும் கஷ்டம் உண்டு. முதல் அறுவையால் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்துப் போவதற்கே நேரம் ஆகும். எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டிருப்பதால் கசிவோ தொற்றோ வந்தால் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் எவரோலிமஸ் போன்ற சில, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆகவே ஈரல் மாற்றிய குழுவுக்குத் தெரியாமல், வேறு எங்கோ போய் இதைச் செய்துகொள்வது கூடவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சிறிய ஆறுதல் ஒன்று: வேகமாக எடை குறைவோருக்குப் பித்தப்பையில் கல் வருவது வழக்கம். ஈரல் மாற்றும்போதே பித்தப்பையை எடுத்துவிடுவதால் அந்தக் கவலை இவர்களுக்கு இல்லை.

யாருக்கு அறுவை என்பதற்கு உலக அளவில் பி.எம்.ஐ. 35 என்றால், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 2022-ல் வந்த பரிந்துரை 27.5-இலிருந்தே யோசிக்கச் சொல்கிறது. நமக்கு எடை குறைவாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. ஆனால் ஈரல் மாற்றியவருக்கு இந்த எண் ஒரு வாசற்படி மட்டுமே. சர்க்கரை, இதயம், கிட்னி, ஈரலின் நிலை எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

ஊசி போட்டால் ஆகாதா?

செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகள் ஜி.எல்.பி.-1 ஹார்மோனின் வேலையைச் செய்து பசியை அடக்குகின்றன. செமாகுளூடைடை ஈரல் கொழுப்பு நோய்க்கே 2025-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஈரல் மாற்றிய சிலருக்கு அறுவைக்குப் பதிலாக இது போதுமானதாக இருக்கலாம். நிறுத்தினால் எடை திரும்புவதும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மற்ற மாத்திரைகளின் அளவைக் கண்காணிக்க வேண்டியிருப்பதும் இதன் மறுபக்கம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சங்கதி இல்லை.

அறுவைக்குப் பிறகு வீட்டில்

டீ கிளாஸ் அளவு இரைப்பையில் எதை முதலில் போடுவது? முட்டை, பருப்பு, மீன், தயிர் முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடையிடையே சிறுகச் சிறுக. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுவதும். வாந்தி தொடர்ந்தால் உடனே மருத்துவமனை, ஏனென்றால் வாந்தியில் டாக்ரோலிமஸும் போகிறது. மதுவால் ஈரல் இழந்தவர்களுக்கு ஒன்று: இந்த அறுவைக்குப் பிறகு மது இரத்தத்தில் சட்டென்று ஏறும், பழக்கம் மீண்டும் பிடிக்கும் ஆபத்தும் கூடும். ஒரு துளியும் கூடாது.

போன வாரம் மாலையில் அந்த வீட்டுத் திண்ணைக்கு மறுபடி போனேன். அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள் தொடங்கிவிட்டன. பாட்டி கேழ்வரகுக் களி உருண்டையைக் காட்டி, "இம்மாந்தான் துன்னணுமா?" என்று கையால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈரல் கொடுத்த மகன் உள்ளே எடை மெஷினில் நின்றான். கொடுத்த பிறகு மிஞ்சிய ஈரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்று படித்திருக்கிறான். அம்மாவின் மரபும் அதே சாப்பாடும் தனக்கும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கணக்குப் போட்டான். 170 செ.மீ., 79 கிலோ. பி.எம்.ஐ. 27-ஐத் தாண்டிவிட்டது. "எனக்கும் ஒரு ஸ்கேன் எழுதித் தரச் சொல்லணும் டீச்சர்" என்றான்.